பட்டதாரி தொடக்கப்பள்ளி ஆசிரியை ஆவது எப்படி?

ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் 5ஆம் நாள் நம் ஆசிரியைகளுக்கு ரோஜாப்பூ கொடுத்து வாழ்த்துப் பாடுகிறோம். ஆசிரியப் பணி அறப்பணி என்று மேடையில் முழங்குகிறோம். ஆனால் ஒன்றாம் வகுப்பு ஆசிரியை ஆவதற்கு என்ன படிக்க வேண்டும் என்று கேட்டால், நம்மில் பலர், "ஒரு டிகிரி, அதன் பிறகு பி.எட்." என்றே சொல்வோம். அந்தப் பதில் இன்று செல்லாது. அது ஏன் என்று விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒன்று முதல் ஐந்து வரையுள்ள வகுப்புகளுக்குப் பாடம் நடத்துபவரைத் தமிழ்நாட்டில் 'இடைநிலை ஆசிரியர்' என்று அழைக்கிறார்கள். பெயரைக் கேட்டு உயர்நிலைப் பள்ளி ஆசிரியர் என்று எண்ணிவிடக் கூடாது. இப்பணிக்கு உரிய படிப்பு, பிளஸ் டூ முடித்த பின் இரண்டு ஆண்டுகள் பயிலும் தொடக்கக் கல்விப் பட்டயம். இதைச் சுருக்கமாக டி.எல்.எட். என்பர். 1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கைக்குப் பின் மாவட்டந்தோறும் ஏற்படுத்தப்பட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்களில் இதைப் படிக்கலாம். நம் கிருஷ்ணகிரி மாவட்டத்திற்கும் அத்தகைய நிறுவனம் உண்டு.

அப்படியானால் கல்லூரியில் பட்டம் பெற்றவர் என்ன செய்வது? இங்கேதான் சிக்கல் வருகிறது. 2018 ஜூன் மாதம் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் ஓர் அறிவிக்கை வெளியிட்டது. பி.எட். முடித்தவர்களும் தொடக்க வகுப்புகளுக்கு ஆசிரியராகலாம். பணியில் சேர்ந்தபின் ஆறு மாத இணைப்புப் பயிற்சி பெற்றால் போதும் என்றது. 2021இல் இராஜஸ்தான் உயர் நீதிமன்றம் இதனை ரத்து செய்தது. 2023 ஆகஸ்டு 11ஆம் நாள் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. பி.எட். என்பது பெரிய வகுப்புகளுக்கு உரிய பயிற்சி, சிறு குழந்தைகளுக்குக் கற்பிக்கத் தனிப் பயிற்சி வேண்டும் என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

இதில் நியாயம் இருக்கிறதா என்று சற்றுச் சிந்திப்போம். 42இலிருந்து 17ஐக் கழிப்பது கணிதப் பட்டதாரிக்குப் பெரிய காரியமா? இல்லை. ஆனால் "இரண்டிலிருந்து ஏழு போகாது, பக்கத்தில் கடன் வாங்கு" என்றால் ஏழு வயதுக் குழந்தை விழிக்கும். பத்துப் பத்துக் குச்சிகளாகக் கட்டி, ஒரு கட்டைப் பிரித்துக் காட்டினால் அதே குழந்தை சிரித்துக்கொண்டே விடை சொல்லும். கணக்கு அறிவது ஒன்று. குழந்தையின் மனத்தை அறிவது மற்றொன்று.

எங்கள் தெருவில் ஓர் அக்கா பி.எஸ்சி. கணிதம் முடித்திருக்கிறார். கல்லூரியில் படித்தபோதே, கொரோனாவுக்குப் பின் 2021இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் தன்னார்வலராகச் சேர்ந்து, மாலை வேளைகளில் சிறு பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார். அதனால் தொடக்கப்பள்ளி ஆசிரியையாக வேண்டும் என்ற ஆசை அவருக்கு வந்தது. "பட்டம் வாங்கிவிட்டு, பிளஸ் டூ முடித்த பிள்ளைகளோடு மறுபடியும் இரண்டு வருடம் உட்காரப் போகிறாயா? சிப்காட் கம்பெனி பஸ் வாசலிலேயே நிற்கிறதே!" என்கிறார்கள் உறவினர்கள். வீட்டில் சம்பளம் தேவைப்படும்போது இரண்டு ஆண்டு என்பது சிறிய காலம் அன்று. ஆகவே வழியை முன்பே அறிந்துகொள்வது நல்லது.

பட்டயம் பெற்ற பின் இரண்டு தேர்வுகள் உள்ளன. முதலாவது ஆசிரியர் தகுதித் தேர்வு. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்த பின் இத்தேர்வு ஏற்பட்டது. தொடக்க வகுப்புகளுக்குரியது முதல் தாள். குழந்தை வளர்ச்சியும் கற்பித்தலும், மொழி, ஆங்கிலம், கணிதம், சூழ்நிலையியல் ஆகிய ஐந்து பகுதிகளுக்கும் தலா 30 மதிப்பெண், ஆக 150. பொதுப் பிரிவினர் தேற 90 பெற வேண்டும். தமிழ்நாட்டில் 2012 ஜூலையில் நடந்த முதல் தேர்வில் நூற்றுக்கு ஒருவர்கூடத் தேறவில்லை. பின்னர் அக்டோபரில் நேரத்தை ஒன்றரை மணியிலிருந்து மூன்று மணியாக்கி மறுதேர்வு வைத்தார்கள். இரண்டாவது, அரசுப் பணிக்கான போட்டித் தேர்வு. 2018ஆம் ஆண்டு அரசாணைப்படி ஏற்பட்ட இத்தேர்வு, இடைநிலை ஆசிரியர்களுக்கு 2024 ஜூலை 21ஆம் நாள் நடைபெற்றது.

இத்தேர்வின் முக்கியத்துவம் மேலும் வளர்ந்திருக்கிறது. ஓய்வுபெற ஐந்து ஆண்டுகளுக்கு மேல் உள்ள, பணியிலிருக்கும் ஆசிரியர்களும் இரண்டு ஆண்டுகளுக்குள் தகுதித் தேர்வில் தேற வேண்டும் என்று 2025 செப்டம்பர் முதல் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நம் பள்ளி போன்ற சிறுபான்மையினர் பள்ளிகளுக்கு இது பொருந்துமா என்ற கேள்வியைப் பெரிய அமர்வின் பார்வைக்கு அனுப்பியது.

நம் எல்லைப் பகுதியில் தொடக்கப்பள்ளி ஆசிரியைக்கு இன்னொரு திறமையும் தேவை. ஓசூர், தளி, கெலமங்கலம் பக்கம் வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசும் குழந்தைகள் ஏராளம். தெலுங்கு, கன்னடம், உருது வழிப் பள்ளிகளும் நம் மாவட்டத்தில் உண்டு. 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டப்படி அவர்களும் தமிழ் படிக்க வேண்டும். தொழிற்சாலை வேலைக்காக ஒடிசா, பீகார் மாநிலங்களிலிருந்து வந்தோரின் பிள்ளைகளோ இந்தியும் ஒடியாவும் பேசுகிறார்கள். "தண்ணீர் வேண்டும்" என்று கேட்கத் தெரியாமல் விழிக்கும் குழந்தைக்கு, "நீள்ளு", "நீரு", "பானி" என்ற மூன்றும் புரிந்த ஆசிரியை தாயைப் போன்றவர் அல்லவா? இங்கே பிறந்து வளர்ந்த நமக்கு இம்மொழிகள் தெருவிலேயே கிடைக்கின்றன. தகுதித் தேர்வின் மொழிப் பகுதியிலும் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது, மலையாளம் ஆகியவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம்.

படித்த படிப்பு வீணாகுமோ என்று பட்டதாரிகள் அஞ்ச வேண்டாம். பட்டயப் படிப்பிற்குப் பிளஸ் டூவே அடிப்படைத் தகுதி என்பதால், பட்டம் பெற்றவரும் விண்ணப்பிக்கலாம். வயது வரம்பை மட்டும் அந்தந்த ஆண்டு அறிவிப்பில் பார்த்துக்கொள்ள வேண்டும். பட்டமும் இப்பட்டயமும் சேர்ந்திருந்தால், தகுதித் தேர்வின் இரண்டாம் தாள் எழுதி, ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளுக்கும் செல்லத் தேசியக் குழுமத்தின் விதி இடம் தருகிறது.

பெரிய படிப்புப் படித்தவர் சிறு குழந்தைகளிடம் வருவது தாழ்வன்று. மரியா மாண்டிசோரி அம்மையார் 1896இல் ரோம் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றவர். அவர் தம் வாழ்வைக் குழந்தைக் கல்விக்கே தந்தார். 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து நம் நாட்டு ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் அளித்தார்.

அன்புத் தோழியரே! இன்னும் இரண்டு ஆண்டுகளில் நாம் பிளஸ் டூ முடிப்போம். தொடக்கப்பள்ளி ஆசிரியை ஆவதே விருப்பம் என்றால், அப்போதே பட்டயப் படிப்பில் சேர்வது நேர்வழி; பட்டம் பெற்ற பின் சேர்வது சுற்றுவழியாயினும் திறந்தே இருக்கிறது. பெற்றோர்களே! உங்கள் மகள் இவ்விருப்பத்தைச் சொல்லும்போது, "ஒன்றாம் வகுப்புக்கா?" என்று கேட்டுவிடாதீர்கள். நாம் அனைவரும் முதலில் கைபிடித்து எழுதிய இடம் அந்த வகுப்புதான்.

— பத்தாம் வகுப்பு மாணவி