வலைக்கண்ணும் மீன்குஞ்சும்

வாலாஜாபாத்தில் கடல் இல்லை. எனினும் கோடையில் கடல்மீன் விலை ஏறுவதை அறிவீர்கள். ஏப்ரல் 15 தொடங்கி 61 நாட்கள் கிழக்குக் கடலில் விசைப்படகுகளுக்குத் தடை. மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலம் அது. ஆனால், தடை நீங்கியதும் குஞ்சுகளே வலையில் சிக்கினால் பயன் என்ன?

வெங்காய வலைப்பையை நீளவாக்கில் இழுத்துப் பாருங்கள். சாய்சதுரக் கண்கள் ஒடுங்குகின்றன அல்லவா? இழுவலையின் மடியிலும் இதுவே நிகழ்கிறது. பக்கம் 2 செ.மீ. உள்ள சதுரக்கண்ணின் பரப்பு 4 ச.செ.மீ. அதன் கோணம் 30° ஆகச் சாய்ந்தால், 4 × சைன் 30° = 2 ச.செ.மீ. நூல் குறையவில்லை, வாசல் பாதியாயிற்று!

நூல்கள் இழுவிசைக்கு இணையாகவும் செங்குத்தாகவும் அமைந்த சதுரக்கண் வலை எளிதில் மூடாது, குஞ்சுகள் தப்பும். இன்றைய வரவு சற்றுக் குறையலாம். தப்பியவை வளர்ந்தால்தானே மீனவருக்கு நாளை மீன் உண்டு?