சொல்லக் கூசும் வருத்தம்

எமது மகளிர் சேமிப்புக் குழுக்களில் சுகாதாரம் பற்றிப் பேசும் நாட்களில், இரண்டு வார்த்தை கூறிவிட்டு நாம் வெளியே வந்துவிடுவதுண்டு. குருவானவர் இருக்குமிடத்தில் தாய்மார் வாய்திறக்க மாட்டார்கள். மிகுதியை அருட்சகோதரியும் குடும்பநல மாதுவும் பார்த்துக்கொள்வார்கள்.

அப்படியொரு கூட்டத்தின் பின்னர் சகோதரி எம்மிடம் கூறியதை, உரியவரின் சம்மதத்துடன் எழுதுகிறோம். அறுபது வயதைக் கடந்த ஒரு தாய், பெண்ணுறுப்பின் வெளிப்புறத்தில் ஆறு வருடங்களாகத் தமக்குக் கடி இருப்பதை அன்றுதான் முதற்தடவையாக இன்னொருவருக்குச் சொன்னாராம். இரவில் நித்திரை இல்லை. உப்புத்தண்ணீர், வேப்பிலை அவித்த தண்ணீர், கடைசியில் டெற்றோல் என எல்லாவற்றாலும் கழுவிப் பார்த்திருக்கிறார். துப்புரவில்லாதவள் என்று பிறர் நினைப்பார்களே என்ற பயத்தினால் மகளுக்குக்கூடச் சொல்லவில்லை.

இந்தப் பயத்துக்கு ஆதாரமே இல்லை. அவ்விடத்துத் தோல் மிக மென்மையானது. சவர்க்காரமும் கிருமிநாசினியும் அதை உலரச்செய்து கடியைக் கூட்டுமேயன்றிக் குறைக்கமாட்டா. வெளிப்புறத்தை வெறும் தண்ணீரால் கழுவி, ஈரம் துடைத்து, பருத்தி உள்ளாடை அணிந்தாற் போதும்.

கடிக்குப் பொதுவான காரணங்களில் ஒன்று பங்கசு. தயிர் திரண்டதுபோல் வெள்ளைபடும். தோல் சிவந்து எரியும். கர்ப்பிணிகளுக்கும், அன்ரிபயற்றிக் மருந்து எடுத்தவர்களுக்கும், சீனி வருத்தம் உள்ளவர்களுக்கும் இது எளிதில் வருகிறது. ஒழுக்கத்தோடு இதனை முடிச்சுப்போடுவது அநியாயம். உள்ளே வைக்கும் குளிசையாலும் பூசுமருந்தாலும் பெரும்பாலும் சில நாட்களில் மாறிவிடும். திரும்பத் திரும்ப வந்தால் இரத்தத்தில் சீனியைச் சோதிக்க வேண்டும். தமக்குச் சீனி இருப்பதையே இவ்வழியால் அறிந்த தாய்மாரும் உண்டு.

மேற்சொன்ன தாய்க்கு இருந்தது வேறு. வைத்தியர் பார்த்தபோது தோல் வெளிறி, கடதாசிபோல் மெலிந்து, இடையிடையே வெடித்திருந்தது. உதடுகள் சுருங்கத் தொடங்கியிருந்தன. இதற்கு லைக்கன் ஸ்கிளிரோசஸ் என்று பெயர். இது தொற்றுநோயல்ல, கணவனுக்கோ பிள்ளைக்கோ பரவாது. மாதவிடாய் நின்ற பெண்களிடத்தே கூடுதலாகவும், சில வேளைகளிற் சிறுமிகளிடத்தும் காணப்படுகிறது. முற்றாக மாற்ற மருந்தில்லையெனினும் குளோபெற்றசோல் என்ற கடுமையான ஸ்ரெறோயிட் களிம்பு இதை நன்றாகக் கட்டுப்படுத்துகிறது. முதலில் ஒவ்வோர் இரவும், பின்னர் ஒன்றுவிட்ட இரவும், அதன்பின் வாரத்தில் இருமுறையும் பூசுவது வழக்கமான முறை. கவனியாது விட்டால் வாயில் ஒடுங்கிவிடும். நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவானோருக்குப் புற்றுநோயும் வரலாம். ஒழுங்காகப் பூசினால் அந்த ஆபத்தும் குறைகிறது. அதற்காக இதே களிம்பைக் கடையில் தாமாக வாங்கிப் பூசலாகாது. பங்கசாக இருந்தால் இதனால் அது மோசமாகும்.

ஆறாத புண், தடித்த கட்டி, இரத்தக்கசிவு, நிறம் மாறிய தோல் ஆகியவற்றில் எதைக் கண்டாலும் சுணங்க வேண்டாம். சிறு துண்டு எடுத்துச் சோதித்தால் உண்மை தெரிந்துவிடும்.

எங்கே போவது? 1996 முதல் எமது நாட்டில் சுகவனிதையர் கிளினிக்குகள் நடைபெறுகின்றன. முப்பத்தைந்து வயதுப் பெண்களை அங்கே அழைத்து இரத்த அழுத்தம், சீனி, மார்பகம் ஆகியவற்றோடு பப் பரிசோதனையும் செய்கிறார்கள். ஆனால் பப் பரிசோதனை கருப்பையின் கழுத்துக்கானது. வெளித்தோலின் நோயை அது காட்டித்தராது. ஆகவே கடி இருப்பதை வாய்திறந்து சொல்லியே ஆகவேண்டும். பெண் வைத்தியர் வேண்டுமென்று கேட்பதில் தவறில்லை. கிடைக்காவிடின் தாதியொருவரை அருகில் நிற்கச் சொல்லலாம்.

அந்தத் தாய் இப்போது இரவில் நித்திரை கொள்கிறார். கிளினிக் நாளில் மகள்தான் பஸ்ஸில் கூட்டிப்போகிறார்.