கடல் கடந்த குரலின் கூலி

கனடாவிலுள்ள மகன் விசுவமடுவிலுள்ள தாயை அழைக்கின்றான். குரல் இணையவழியே கடல் கடந்தாலும், தாயின் சாதாரணத் தொலைபேசியை அடைய இந்நாட்டு நிறுவனமொன்றின் கம்பமும் கருவியும் வேண்டும். அதற்கென அழைப்பை அனுப்பும் நிறுவனம் நிமிடக் கணக்கில் கூலி செலுத்துகின்றது.

வெளிநாட்டு அழைப்புகளில் ஸ்ரீ லங்கா ரெலிகொம் கொண்டிருந்த தனியுரிமை 2002இல் முடிவுற்றது. 2003இல் பிற நிறுவனங்களும் உரிமம் பெற்றன. 2004ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நிதிச் சட்டம் இவ்வழைப்புகளை நடத்துவோர்மீது அரசிறையும் விதித்தது.

இவற்றை ஏய்க்க விரும்புவோர், வெளிநாட்டழைப்பை உள்ளூர்ச் சிம் அட்டைகள் வழியே புகுத்துவர். அப்போது மகனின் இலக்கத்திற்குப் பதிலாக யாரோ ஒருவரின் உள்ளூர் இலக்கம் தோன்றும். தாய் அறியாதாரென எண்ணி எடுக்காதும் விடலாம்.

இருவரும் வாட்சப்பில் பேசினால் அக்கூலி இல்லை. எனினும் அது முற்றும் இலவசமன்று. தரவுக் கட்டணத்தில் ஒரு பங்கைத் தாயும் செலுத்துகின்றாள்.