கேட் பாஸ் முடியலாம், தொடர்பு முடியக்கூடாது... ஒரகடம் வட்டார இளைஞர்களுக்கு உதவும் 5 பழக்கங்கள்!

வல்லக்கோட்டை என்றதும் பக்தர்களுக்கு நினைவுக்கு வருவது, சுமார் 7 அடி உயரத்தில் அருள்பாலிக்கும் முருகன். ஒரகடம், வல்லம் வடகால் சிப்காட்களில் வேலை பார்க்கும் இளைஞர்களுக்கோ, அது ரூம் எடுத்துத் தங்கும் ஊர்களில் ஒன்று. கார், லாரி, பைக், டயர், செல்போன் என்று இந்த வட்டாரத்தில் தயாராகாத பொருள் குறைவு. ஆனால், இங்கு வருகிற எல்லோரும் நிரந்தரப் பணியாளர்கள் அல்ல. அப்ரென்டிஸ், ட்ரெய்னி, கான்ட்ராக்ட் என்று ஓராண்டு, இரண்டாண்டுக் கணக்கில் வந்துபோகிறவர்கள் ஏராளம். அப்ரென்டிஸ் பயிற்சி முடிந்ததும் அதே நிறுவனம் வேலை தந்தே ஆக வேண்டும் என்ற பொதுவான கட்டாயமும் இல்லை.

கடைசி நாளில் ஐ.டி கார்டைத் திருப்பிக் கொடுத்ததும், அலுவலக வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து நீக்கிவிடுவார்கள். ரூம் காலியாகும். ஒருவர் தேனிக்கும் இன்னொருவர் திருவண்ணாமலைக்கும் பஸ் ஏறிவிடுவார்கள். ஒரே லைனில் தோளோடு தோள் நின்றவர்கள், ஆறு மாதத்தில் 'அந்தப் பையன் பேரு என்ன?' என்று யோசிக்கும் நிலைக்கு வந்துவிடுவார்கள். அடுத்த வேலைக்கு அலையும்போதுதான் அந்த இழப்பு உறைக்கும்.

நோக்கியா சொன்ன பாடம்

ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை 2006-ல் உற்பத்தியைத் தொடங்கியது. 2014 நவம்பர் 1-ம் தேதி உற்பத்தி நின்றது. ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் இளம்பெண்கள். சுமார் ஐந்தாண்டுகள் கழித்து, அதே வளாகத்தை செல்போன் சார்ஜர் தயாரிக்கும் சால்காம்ப் நிறுவனம் வாங்குவதாக 2019-ல் அறிவிப்பு வந்தது. ஓர் ஆலை மூடுவதும், அதே இடத்தில் இன்னொன்று திறப்பதும் தொழிற்பேட்டைகளில் நடப்பதுதான். அப்படித் திறக்கும்போது 'ஆள் எடுக்கிறாங்களாம், நீ வர்றியா?' என்று கேட்க ஒருவர் இருப்பது பெரிய பலம்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

அமெரிக்க சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-ல் வெளியிட்ட கட்டுரை, இந்தத் துறையில் மிகப் பிரபலம். தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களிடம், 'அவரை எவ்வளவு அடிக்கடி சந்திப்பீர்கள்?' என்று கேட்டார். 80 சதவிகிதத்துக்கும் மேற்பட்டோர், 'எப்போதாவதுதான்' அல்லது 'அபூர்வமாகத்தான்' என்றார்கள். காரணம் எளிது. நெருங்கிய நண்பருக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்திருக்கும். தூரத்து அறிமுகத்திடம்தான் புதுத் தகவல் இருக்கும்.

2022-ல் 'சயின்ஸ்' இதழில் வெளியான ஆய்வு, லிங்க்டுஇன் தளத்தில் 2 கோடி பேரின் தரவுகளை ஆராய்ந்தது. அதிலும் ஓரளவு தூரத்து அறிமுகங்களே வேலை மாறுவதற்கு அதிகம் உதவுவதாகத் தெரிந்தது. ஆனால், டிஜிட்டல்மயம் குறைவான துறைகளில் நெருக்கமான உறவுகளே கூடுதலாகக் கைகொடுத்தன. ஆகவே, ஷாப் ஃப்ளோரில் வேலை பார்ப்பவர்கள் இரண்டையும் விடாமல் வைத்திருப்பது நல்லது.

அதற்கு லிங்க்டுஇன் கணக்குதான் வேண்டும் என்பதில்லை. கையில் இருக்கும் செல்போனே போதும்.

1. பெயரோடு வேலையையும் சேமியுங்கள்: 'குமார் 2' என்று சேமித்தால் இரண்டு வருடத்தில் யாரென்று தெரியாது. 'குமார், பெயின்ட் ஷாப், 2024' என்று சேமித்தால், தேடும்போது உடனே கிடைப்பார். கடைசி வாரத்திலேயே லைன் லீடர், சூப்பர்வைசர், டிரெய்னிங் கொடுத்தவர் ஆகியோரின் சொந்த எண்களைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.

2. மாதம் ஒருவருக்குக் குரல் கொடுங்கள்: பழைய நண்பருடன் போனில் பேசுவது சங்கடமாக இருக்கும் என்று நினைத்தவர்கள்கூட, பேசியபிறகு, எழுதித் தொடர்புகொண்டவர்களைவிட அதிக நெருக்கத்தை உணர்ந்ததாக 2021-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு சொல்கிறது. ஆனால், நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்குபவரைக் காலை 10 மணிக்கு எழுப்பினால் திட்டுத்தான் கிடைக்கும். 'இந்த வாரம் எந்த ஷிஃப்ட் அண்ணா?' என்று கேட்டுவிட்டு அழையுங்கள். கம்பெனி பஸ்ஸில் போகும்போது கேட்கிற மாதிரி ஒரு நிமிட வாய்ஸ் மெசேஜும் நல்ல வழி.

3. ஆயுத பூஜையை விடாதீர்கள்: மெஷினுக்குப் பொட்டு வைத்துக் கொண்டாடும் அந்த நாளைத் தொழிற்சாலையில் இருந்தவர்கள் மறக்க மாட்டார்கள். பழைய சூப்பர்வைசருக்கு வாழ்த்து அனுப்ப அதைவிடப் பொருத்தமான நாள் இல்லை. ஃபார்வர்ட் படம் வேண்டாம். 'நீங்க சொல்லிக்கொடுத்த மாதிரிதான் சார் இப்பவும் கேஜ் செக் பண்றேன்' என்று ஒரு வரி போதும்.

4. கேட்பதற்கு முன் கொடுங்கள்: வேலை வேண்டும் என்றால் மட்டும் 'ஹாய்' போடுபவரைப் பார்த்தாலே பலர் ஒதுங்குவார்கள். ரூம் காலி, நல்ல மெஸ், இன்டர்வியூ நடக்கும் தேதி, புது பஸ் ரூட் என்று தெரிந்த தகவலை முதலில் நீங்கள் பகிருங்கள். உங்களுக்குத் தேவைப்படும்போது உங்கள் பெயர் அவர்கள் மனதில் இருக்கும்.

5. முடிவைச் சொல்லுங்கள்: ஒருவர் உங்களுக்காக ஹெச்.ஆரிடம் பேசியிருந்தால், வேலை கிடைத்ததோ இல்லையோ, அதை அவரிடம் சொல்லிவிடுங்கள். பலரும் மறப்பது இதைத்தான்.

பெண்கள் கவனத்துக்கு...

திருமணம், பிரசவம் என்று ஊருக்குப் போகும் பெண்கள், சில வருடங்களில் மீண்டும் வேலை தேடும்போது தொடர்புகள் அறுந்திருக்கும். ஹாஸ்டல் தோழிகள் ஐந்தாறு பேர் மட்டும் இருக்கும் சின்ன குரூப், நூற்றுக்கணக்கானோர் இருக்கும் பெரிய குரூப்பைவிடப் பயன்தரும். சிம் மாற்றினால் முதலில் அந்த குரூப்பில் சொல்லுங்கள். தெரியாத ஆண்களும் இருக்கும் குரூப்களில் புரொஃபைல் படம், ஸ்டேட்டஸ் ஆகியவற்றை யார் பார்க்கலாம் என்பதை வாட்ஸ்அப் செட்டிங்ஸில் கட்டுப்படுத்திக்கொள்ளலாம்.

எச்சரிக்கை

'பெரிய கம்பெனியில் பெர்மனென்ட் வேலை, 20,000 ரூபாய் கட்டினால் போதும்' என்று குரூப்பில் வந்தால், அனுப்பியவர் தெரிந்தவராக இருந்தாலும் பணம் கொடுக்காதீர்கள். அந்த நிறுவனத்தில் இருக்கும் பழைய நண்பரை அழைத்து விசாரியுங்கள். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். அதேபோல, ஆலைக்குள் எடுத்த படம், டிராயிங், உற்பத்திக் கணக்கு எதையும் எந்த குரூப்பிலும் போடக்கூடாது. இருக்கும் வேலையும் போய்விடும்.

இன்றைக்கே செய்யக்கூடியது ஒன்று உண்டு. கான்டாக்ட் லிஸ்ட்டைத் திறந்து, ஒரு வருடமாகப் பேசாத ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். எதுவும் கேட்காமல், 'எப்படி இருக்கீங்க, இப்ப எந்த கம்பெனி?' என்று மட்டும் அனுப்புங்கள். பதில் வந்தால், ஒரு தொடர்புக்கு மறுபடியும் உயிர் வந்துவிட்டது என்று அர்த்தம்.