சோர்ந்து நிற்கும் கோழிக்கு முதலில் தீனிப்பையைத் தொட்டுப் பாருங்கள்

2021இல் இலங்கையில் இரசாயன உரம் தடை செய்யப்பட்டது. சோள விளைச்சல் சரிந்தது, கோழித் தீனி யானை விலை விற்றது. 2023இல் இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதி செய்யும் நிலை இலங்கைக்கு வந்தது. பசறை, லுணுகலை, தெமோதரைப் பக்கத்துத் தோட்ட லயங்களில், வாசலில் மேய்கிற கோழி இடும் ஒரு முட்டையின் அருமை அப்போது இன்னும் நன்றாக விளங்கியது. ஆனால் முட்டைக்காக மட்டும் நாம் கோழி வளர்ப்பதில்லை. பிள்ளைகள் பேர் வைத்துக் கூப்பிட்டால் ஓடிவருகிற கோழி வீட்டில் ஓர் ஆள்தான். அது இறகைச் சிலுப்பிக்கொண்டு இஸ்தோப்பு மூலையில் கண்மூடி நின்றால், தீனியைத் தொடாமல் தண்ணியாகக் கழிந்தால், வீடே பதறுகிறது.

பதறிய கை மாத்திரை டப்பாவுக்குப் போகிறது. பாதிப் பனடோல், போன மாதம் பிள்ளைக்குத் தந்த அன்டிபயோட்டிக்கில் மிச்சம், யாரோ சொன்னார்கள் என்று இரண்டு சொட்டு மண்ணெண்ணெய். தயவுசெய்து இவை எதுவும் வேண்டாம். கோளாறு எந்த இடத்தில் என்று தெரியாமல் கொடுக்கிற மருந்தே பல கோழிகளுக்கு எமனாகிறது. இடத்தைக் கண்டுபிடிக்கக் கருவி தேவையில்லை, விரலும் கண்ணும் போதும்.

கோழிக்குப் பல் கிடையாது. கொத்தியதெல்லாம் கழுத்தடியில் இருக்கும் தீனிப்பையில் போய்ச் சேரும். அங்கே ஊறி, கீழே இறங்கி, தடித்த சதைப்பைக்குள் மணலோடும் சிறு கல்லோடும் சேர்ந்து அரைபடும். கறிக்கு வெட்டும்போது உள்ளே மஞ்சள் தோலை உரித்து எறிவோமே, அதுதான் அந்தச் சதைப்பை. அதன் பிறகுதான் குடல்.

மாலையில் கூடு அடையும்போது தீனிப்பை நிறைந்திருக்கும், விடியும்போது வெறுமையாக இருக்க வேண்டும். ஆகவே பார்க்க வேண்டிய நேரம் விடியற்காலை, தீனி போடுவதற்கு முன்பு. கோழியை மடியில் வைத்து, சிறகை அணைத்துப் பிடித்து, கழுத்தும் நெஞ்சும் சேருகிற இடத்தில், கோழியின் வலப்பக்கமாக விரலை வையுங்கள். ஒன்றும் தட்டுப்படாவிட்டால் தீனிப்பையில் தடையில்லை. கெட்டியான உருண்டை தட்டுப்பட்டால் அடைப்பு. தண்ணீர் நிரப்பிய பலூன் போல் தளதளத்து, வாயில் புளித்த வாடை வந்தால் உள்ளே பூஞ்சணம் பிடித்துப் புளித்துப்போயிருக்கிறது. அப்படியே நெஞ்செலும்பையும் தடவிப் பாருங்கள். இரு பக்கமும் சதை வற்றி எலும்பு துருத்திக்கொண்டிருந்தால் நோய் இன்று நேற்று வந்ததல்ல. பூச்சித் தொல்லையாகவும் இருக்கலாம். பூச்சி மருந்தை மிருக வைத்தியரிடம் கேட்டு, கோழியின் நிறைக்கு ஏற்ற அளவில் கொடுக்க வேண்டும்.

அடைப்புக்குக் காரணம் பெரும்பாலும் நீளமான புல், சாக்கு நூல், பொலித்தீன் துண்டு. புல் வெட்டிக் குவித்த இடத்தில் மேய்ந்த கோழிக்கு இது வரும். ஒரு நாள் தானியத்தை நிறுத்துங்கள். தண்ணீர் மட்டும் எந்நேரமும் இருக்கட்டும். அரைத் தேக்கரண்டி தேங்காய் எண்ணெயை அலகின் ஓரத்தில் சொட்டுச் சொட்டாக விட்டு, உருண்டையை விரல்களால் மெதுவாகப் பிசைந்துவிடுங்கள். ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை, ஒவ்வொரு தடவையும் சில நிமிடம் போதும், அழுத்த வேண்டாம். இரண்டு நாளில் கரையாவிட்டால் வைத்தியரிடம்தான் போக வேண்டும். அவர் தீனிப்பையைத் திறந்து எடுத்துத் தைத்துவிட முடியும்.

தலைகீழாகப் பிடித்து வாந்தி எடுக்க வைக்கும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. கோழியின் மூச்சுக்குழல் வாசல் நாக்குக்குச் சற்றுப் பின்னால்தான் இருக்கிறது. தீனிப்பையில் உள்ளது மேலே வரும்போது அதற்குள் இறங்கினால் கோழி கையிலேயே செத்துவிடும். புளித்த தீனிப்பைக்கு ஒரு நாள் தீனியை நிறுத்தி, சீனி, பாண், பால் எதுவும் கொடுக்காமல் வைத்தியரைப் பாருங்கள். அன்டிபயோட்டிக் பூஞ்சணத்தைக் கொல்லாது, இன்னும் பரவவே வழிவிடும்.

தீனிப்பை சரியாக இருந்தால் அடுத்தது எச்சம். கோழியை ஒரு பெட்டியில் பழைய பத்திரிகை விரித்துத் தனியே விடுங்கள். மண்நிறத்தில், மேலே வெள்ளை படிந்திருந்தால் நல்ல எச்சம். இடையிடையே கரும்பழுப்பில், பிசுபிசுப்பாக, கடும் நாற்றத்தோடு ஒன்று வரும். அதைக் கண்டு பயப்பட வேண்டாம். அது குருட்டுக்குடலிலிருந்து வருவது, சுகமான கோழியும் அப்படிப் போடும்.

இரத்தம் கலந்து கழிந்தால் அது வேறு கதை. ஐப்பசி தொடங்கித் தை வரை பதுளைப் பக்கம் பெய்கிற மழையில் கூட்டுத்தரை காய்வதே இல்லை. ஈரத்தில் கிடக்கிற எச்சத்தில் இரத்தக் கழிச்சலை உண்டாக்கும் ஒட்டுண்ணி ஓரிரு நாளிலேயே தொற்றுகிற நிலைக்கு வந்துவிடும். மூன்று முதல் ஆறு வாரக் குஞ்சுகளைத்தான் இது அதிகம் கொண்டுபோகிறது. அம்ப்ரோலியம் என்ற மருந்தைத் தண்ணீரில் கலந்து கொடுத்தால் கேட்கும், அளவை வைத்தியரிடம் கேளுங்கள். ஆனால் தரை ஈரமாகவே கிடந்தால் மருந்து கொடுத்தும் திரும்ப வரும். ஈர மரத்தூளை அள்ளிக் கொட்டிவிட்டு உலர்ந்ததைப் போடுவதும், தீனிச் சட்டியைத் தரையிலிருந்து உயர்த்தி வைப்பதும் மருந்தளவுக்கு முக்கியம்.

பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, வாயைத் திறந்து மூச்சு வாங்கி, கழுத்து முறுக்கிக்கொண்டால் நியூகாசில் நோயாக இருக்கலாம். 1926இல் இங்கிலாந்திலும் ஜாவாவிலும் முதலில் இனங்காணப்பட்ட இந்த வைரஸ் நோய்க்கு இன்றுவரை மருந்து இல்லை, தடுப்பூசி மட்டுமே. லயத்தில் ஒரு வீட்டுக் கோழி என்று எதுவும் தனியாக மேய்வதில்லை. எல்லாம் ஒரே வாசலில், ஒரே பீலியடியில்தான். அதனால் ஒன்றுக்கு வந்தால் லயம் முழுதும் ஆபத்து. தடுப்பு மருந்துக் குப்பி ஒன்றில் நூற்றுக்கணக்கான கோழிகளுக்கான மருந்து இருக்கும், கரைத்துவிட்டால் சில மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். ஒரு வீட்டுக்காரர் தனியாக வாங்கிப் பயனில்லை. லயத்தார் எல்லாரும் சேர்ந்து, அரசாங்கக் கால்நடை வைத்திய அலுவலகத்தில் பேசி, ஒரே நாளில் போட்டுக்கொள்வதுதான் வழி. தோட்டங்களில் இது நடக்க வேண்டும் என்று எனக்கு மிகுந்த ஆசை.

வருத்தம் தீனியிலிருந்தும் வரலாம். மொனராகலைச் சோளம் வாங்கி வைக்கிறவர்கள் சாக்கின் அடியையும் பாருங்கள். பூஞ்சணம் பிடித்த தானியத்தில் அஃப்ளடொக்சின் என்ற நஞ்சு உண்டாகி ஈரலைக் கெடுக்கும். 1960இல் இங்கிலாந்தில் ஒரு இலட்சத்துக்கும் அதிகமான வான்கோழிகள் செத்த பிறகுதான் இந்த நஞ்சு உலகத்துக்குத் தெரியவந்தது. அங்கே கெட்டிருந்தது நிலக்கடலைப் பிண்ணாக்கு. கழுவினாலும் அவித்தாலும் இந்த நஞ்சு போகாது. மனிதர் சாப்பிட ஆகாததைக் கோழிக்குப் போடலாம் என்ற எண்ணத்தை இந்த ஒரு விடயத்தில் விட்டுவிடுங்கள்.

எந்த வருத்தமானாலும் வீட்டில் செய்யக்கூடிய பெரிய உதவி சூடும் தண்ணீரும்தான். கோழியின் உடல் சூடு சுமார் 41 பாகை செல்சியஸ். தீனி எடுக்காத கோழியால் ஹப்புத்தளை, பண்டாரவளை இரவுக் குளிரில் அந்தச் சூட்டைக் காப்பாற்ற முடியாது. அடுப்படியில் விட்டால் புகை நெஞ்சைக் கெடுக்கும். சுடுதண்ணீர்ப் போத்தலைத் துணியில் சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கத்தில் வையுங்கள், சூடு கூடினால் மறுபக்கம் ஒதுங்க இடம் இருக்கட்டும். கழிச்சலுக்கு, கொதித்து ஆறிய தண்ணீரில் ஜீவனி (வயிற்றோட்டத்துக்குக் கொடுக்கும் உப்புப் பொடி) கரைத்து வைக்கலாம். கோழிக்கு உப்பு அளவுக்கு மிஞ்சக் கூடாது, ஆகவே பொதியில் சொன்னதைவிட இரு மடங்கு தண்ணீரில் கரையுங்கள், பக்கத்தில் வெறும் தண்ணீரும் இருக்கட்டும். குடிக்கத் தெம்பில்லாவிட்டால் அலகின் நுனியைத் தண்ணீரில் நனைத்துவிடுங்கள், தானாக விழுங்கும். தொண்டைக்குள் ஊற்றாதீர்கள். குழைந்த சோறும் அவித்த முட்டை மஞ்சளும் சிறிது சிறிதாகப் போதும். ஒரு சிட்டிகை மஞ்சள்தூள் சேர்த்தால் கேடில்லை, ஆனால் அது நியூகாசிலையோ இரத்தக் கழிச்சலையோ மாற்றாது.

இரத்தம் போனாலோ, கழுத்து முறுக்கினாலோ, இரண்டு கோழிக்கு ஒரே வருத்தம் வந்தாலோ அன்றைக்கே வைத்திய அலுவலகத்துக்குப் போங்கள். எச்சம் படிந்த பத்திரிகைத் தாளை மடித்துக் கையோடு கொண்டுபோனால் வைத்தியருக்குப் பெரிய உதவி. கோழி செத்துவிட்டால் கறியாக்க வேண்டாம், வாசலில் எறியவும் வேண்டாம். பொலித்தீனில் கட்டி அன்றைக்கே கொண்டுபோய் அறுத்துப் பார்க்கச் சொன்னால் மிச்சக் கோழிகளுக்கு என்ன செய்வதென்று தெரியும். தொட்ட கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள், முக்கியமாகப் பிள்ளைகளின் கையை.

தேறிய கோழியை உடனே கூட்டத்தில் விட்டால் மற்றவை கொத்தி விரட்டும். சில நாள் கூடைக்குள் வைத்து, மற்றவை பார்க்கிற இடத்தில் தீனி வையுங்கள். பிறகு மாலையில் கூடு அடையும் நேரமாகப் பார்த்து அவற்றோடு சேர்த்துவிடுங்கள். மருந்து கொடுத்திருந்தால், முட்டையை எத்தனை நாள் சாப்பிடக் கூடாது என்று மருந்து வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.