மழைக்கு முன் வளவு மரங்களைக் கவனியுங்கள்

நீங்கள் ஊரில் இல்லாத காலத்தில் வளவு மரங்கள் தம்பாட்டில் வளர்ந்திருக்கும். கொப்புகள் கூரைக்கு மேலும் மின்கம்பிக்கு மேலும் படர்ந்திருக்கலாம். நாவிதன்வெளியில் கார்த்திகை முதல் தை வரை மழையும் வாடைக்காற்றும் கடுமையாக இருக்கும். நிலம் ஊறினால் வேரின் பிடி தளரும். 1978 நவம்பர் 23ஆம் திகதி அடித்த சூறாவளியில் மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத்தில் எத்தனை தென்னைகள் விழுந்தன என்பதை ஊரிலுள்ள மூத்தவர்கள் சொல்வார்கள்.

வெள்ளம் வந்து கிட்டங்கித் தாம்போதி மூடப்பட்டால், காயப்பட்டவரைக் கல்முனைக்குக் கொண்டுபோவதும் கடினம். எனவே மரவேலையை ஆவணி, புரட்டாதி மாதங்களிலேயே முடித்துவிடுங்கள்.

முதலில் நிலத்தைப் பாருங்கள்

பற்றைக்குள் மூடியில்லாத பழைய கிணறு இருக்கலாம். பாம்பும் இருக்கலாம். வெடிபொருள் போன்ற ஏதாவது தெரிந்தால் தொடவேண்டாம், வெட்டவேண்டாம், தீ வைக்கவும் வேண்டாம். வந்த வழியே திரும்பிச் சென்று கிராம உத்தியோகத்தருக்கோ பொலிசுக்கோ அறிவியுங்கள். பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

எந்த மரம் ஆபத்தானது?

- காய்ந்த, முறிந்து தொங்கும் கொப்புகள் உள்ள மரம்
- அடியில் பொந்து, கறையான் புற்று அல்லது காளான் உள்ள மரம்
- அண்மையில் சாய்ந்த மரம். சாய்வுக்கு எதிர்ப்பக்கத்தில் மண் வெடித்திருந்தால் உடனே கவனிக்கவேண்டும்
- வீட்டுக்கு மேல் நீண்ட பாரமான கொப்புள்ள மரம்

மொட்டையடிக்க வேண்டாம்

பயத்தில் பலர் மாமரத்தையும் வேம்பையும் உச்சியோடு வெட்டிவிடுகிறார்கள். இது ஆபத்தைக் கூட்டும். வெட்டிய இடம் உக்கும். அங்கிருந்து கிளம்பும் புதுக்கொப்புகள் உறுதியாகப் பிடிக்காமல், சில வருடங்களில் காற்றுக்கு முறியும். காய்ந்தவை, ஒன்றோடொன்று உரசுபவை, கூரையைத் தொடுபவை ஆகியவற்றை மட்டும் எடுங்கள். ஒரு வருடத்தில் பச்சைக் கொப்புகளில் காற்பங்குக்கு மேல் வெட்டவேண்டாம். முருங்கை மட்டும் விதிவிலக்கு. இடுப்பளவுக்கு வெட்டினாலும் மீண்டும் தழைக்கும்.

தென்னைக்குப் பக்கக் கொப்பு இல்லை. உச்சியிலுள்ள குருத்துத்தான் அதன் உயிர். காய்ந்த ஓலை, மட்டை, முற்றிய தேங்காய் ஆகியவற்றை இறக்கினால் போதும். பச்சை ஓலையை வெட்டினால் காய்ப்புக் குறையும்.

கொப்பை வெட்டும் முறை

பாரமான கொப்பை ஒரே வெட்டில் வெட்டினால் அது விழும்போது அடிமரத்துப் பட்டையையும் உரித்துக்கொண்டு போகும். மூன்று வெட்டாக வெட்டவேண்டும்.

1. அடிமரத்திலிருந்து ஓரடி தள்ளி, கொப்பின் கீழ்ப்பக்கத்தில் மூன்றிலொரு பங்கு ஆழத்துக்கு அறுக்கவும்.
2. அதற்குச் சற்று வெளியே மேலிருந்து அறுக்கவும். கொப்பு விழுந்துவிடும்.
3. மீதிக் கட்டையை, அடியிலுள்ள தடித்த வளையத்துக்கு வெளியே அறுக்கவும். அந்த வளையம்தான் காயத்தை மூடும். அதை வெட்டாதீர்கள். தாரோ பெயின்ரோ பூசத் தேவையில்லை.

நீங்களே ஏறவேண்டாம்

நிலத்தில் நின்று கைவாளால் எட்டும் கொப்புகளை மட்டும் நீங்கள் வெட்டலாம். உயரமானவற்றுக்குப் பழக்கமுள்ள தொழிலாளியை அழையுங்கள். அவர் உடலிலும் கொப்பிலும் கயிறு கட்டி வேலைசெய்பவரா என்று பாருங்கள். கூலி எவ்வளவு, விறகு யாருக்கு, ஓடு உடைந்தால் யார் பொறுப்பு என்பவற்றை முன்கூட்டியே பேசுங்கள். மின்கம்பிக்கு அருகிலுள்ள மரத்தை யாரும் தொடவேண்டாம். உங்கள் பகுதி மின்விநியோக அலுவலகத்துக்கு அறிவியுங்கள். ஈரமான கொப்பிலும் மின்சாரம் பாயும்.

அடியோடு தறிக்கும் முன்

பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றைத் தறிக்க அனுமதி தேவை. கிராம உத்தியோகத்தர் ஊடாகப் பிரதேச செயலகத்தில் விண்ணப்பியுங்கள்.

எல்லை மரங்களில் அவசரப்படாதீர்கள். வேலி அழிந்து, உறுதியும் தொலைந்த குடும்பத்துக்கு, மூலையில் நிற்கும் பழைய புளியோ பனையோ தான் எல்லைக்குச் சாட்சி. அயலவரோடும் கிராம உத்தியோகத்தரோடும் நின்று எல்லையை உறுதிப்படுத்தும்வரை அது நிற்கட்டும். ஆபத்தான கொப்பை மட்டும் இறக்குங்கள்.

உங்கள் முன்னோர் வைத்த மரம் நிழலும் காயும் தந்தபடி உங்களுக்காகக் காத்திருந்தது. அதைப் பாதுகாப்பாக வைத்திருந்தால் பிள்ளைகளுக்கும் உதவும்.