வெண்ணெய் தின்ற காவலர்கள்

கேமரன் மலையில் ரிங்லெட் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: “மடிவீக்கத்துக்குத் தேயிலைச் சாறு மருந்து, எலியில் குணமாகிவிட்டது என்று கைப்பேசியில் செய்தி வந்தது. காய்ச்சி எங்கள் பசுவின் காம்பில் விடலாமா?”

வேண்டாம், ஐயா. காரணம் எலியின் மடிக்குள்ளேயே இருக்கிறது.

பால் கொடுக்கும் தாய்ச் சுண்டெலிக்குப் பத்துக் காம்புகள். சோதனை செய்பவர்கள் பெரும்பாலும் நான்காவது இணையின் நுனி வழியே, மழுங்கிய மெல்லிய ஊசியால் ஈ.கோலை அல்லது ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமியைச் செலுத்துவார்கள். 1970இல் இங்கிலாந்தின் காம்ப்டன் ஆய்வகத்துச் சாண்ட்லர் இதைப் பற்றி எழுதினார். வரலாறு இவ்வளவு போதும். அடுத்த சில மணி நேரத்தில் நடப்பதுதான் அதிசயம்.

அபாய ஒலி கேட்டு நியூட்ரோஃபில் என்னும் வெள்ளணுக்கள் ரத்தத்திலிருந்து பால் பைகளுக்குள் பாய்கின்றன. கிருமியை விழுங்க வந்த இவை, பாலில் மிதக்கும் கொழுப்புத் துளிகளையும் கேசீனையும் விழுங்கிவிடுகின்றன. திருடனைப் பிடிக்க வந்த காவலர், உறியிலிருந்த வெண்ணெயை வழித்துத் தின்று, வயிறு கனத்துத் தடியைத் தூக்க முடியாமல் உட்கார்ந்துவிடுவதைப் போல. ஆனால் அவரிடம் இன்னொரு வழி இருக்கிறது. கட்டியிருக்கும் வேட்டியையே நூல் நூலாகப் பிரித்து வலையாக வீசிவிட்டு உயிரை விடுகிறார். அந்த நூல் அவருடைய சொந்த டி.என்.ஏ. பெர்லின் ஆய்வாளர்கள் 2004இல் கண்டறிந்த இந்த வலை பாலுக்குள்ளும் வேலை செய்கிறது. திருடன் சிக்குகிறான். ஆனால் வலை முழுக்க அமிலம் தடவியதைப் போல ஹிஸ்டோனும் புரதம் அரிக்கும் நொதிகளும் ஒட்டியிருக்கின்றன. வலை பட்ட இடமெல்லாம் வீட்டுச் சுவரையும் அரிக்கிறது. சுரப்புச் செல்கள் உதிர்கின்றன. அந்த இடத்தில் தழும்பு விழுந்தால் அங்கே இனிப் பால் இல்லை.

இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். மடிநோய்ப் பாலில் அதற்கென்று விற்கும் சோப்புக் கரைசலைச் சம அளவு கலந்து சுழற்றினால் சளிபோல் திரளும். திரள்வது, உடைந்த வெள்ளணுக்களின் டி.என்.ஏ.தான்.

அப்படியானால் காவலரை அடக்கிவிட்டால் தீருமா? அபாய ஒலியைக் கேட்கும் டி.எல்.ஆர்.4 என்ற ஏற்பி இல்லாத எலிகளில் சோதித்தார்கள். ஈ.கோலை சுரப்புச் செல்களுக்கு உள்ளேயே புகுந்துவிட்டது.

வீக்கம் அடங்குவது வேறு, கிருமி ஒழிவது வேறு. “எலியில் குணம்” செய்திகள் பலவற்றை நான் நம்பாததற்குக் காரணம் இதுதான். அவற்றில் பல சோதனைகளில் உயிருள்ள கிருமியே கிடையாது. அதன் புறச்சுவர் நஞ்சை மட்டும் செலுத்துகிறார்கள். சாற்றையும் முன்கூட்டியே கொடுத்துவிடுகிறார்கள். வீக்கம் குறையத்தான் செய்யும். உங்கள் பசுவின் மடியிலோ கிருமி பெருகிக்கொண்டிருக்கிறது. அதுவும் மழை ஓயாத மலை. கொட்டகைத் தரை காய்வதற்கே நேரமில்லை.

காம்புத் துளைக்குள் கஷாயம் எதையும் விடாதீர்கள். நோய்கண்ட பசுவைக் கடைசியாகக் கறந்து, கையைக் கழுவி, தரையை உலர்வாக வையுங்கள். பாலில் திரிதிரியாக வந்தால் அன்றே கால்நடை மருத்துவரை அழையுங்கள்.